யார் எவ்வளவு வரி கட்டுவது நியாயம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் வரித் தாக்கல் ஏப்ரல் 18ஆம் தேதியோடு முடிந்து, எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை ஒவ்வொருவருக்காக வந்து சேரும் நேரம் இது. அதனாலோ என்னவோ இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வருமான வரியைப் பற்றித்தான். அதிலும் "எவ்வளவு கட்டணும்" என்பதைவிட "இது நியாயமா" என்று கேட்டவர்களே அதிகம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் எல்லாருக்கும் ஊரும் தொழிலும் மட்டும். கணக்குகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்), 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (முந்தைய வருஷ வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு) நடப்பில் இருக்கும் விகிதப்படி.

என் சம்பளம் மாதம் 5,000 வெள்ளி. 5,500 ஆக்குவதாக மேலதிகாரி சொல்கிறார். "அடுத்த வரி அடுக்குக்குப் போய்விடுவாய், கையில் கிடைப்பது குறைந்துபோகும், வேண்டாம் என்று சொல்லிவிடு" என்கிறார் என் வீட்டுக்காரர். உண்மையா? (தாதி, யீஷூன்)

உண்மை இல்லை. சம்பள உயர்வை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது, நன்றாகப் படித்தவர்களே இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்சி மீட்டரை நினைத்துப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் வரை 400 மீட்டருக்கு ஒருமுறை கட்டணம் ஏறும், அதற்கு மேல் போனால் 350 மீட்டருக்கு ஒருமுறை ஏறும். பத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்காக ஏறிய இடத்திலிருந்து மறுபடி கணக்குப் போட்டுக் கூடுதலாக யாரும் வாங்குவதில்லை. வரியும் அப்படித்தான். முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது, அடுத்த 10,000க்கு 2%, அடுத்த 10,000க்கு 3.5%, அதற்கடுத்த 40,000க்கு 7%, பிறகு 11.5%, 15% என்று ஏறிக்கொண்டே போய்ப் பத்து லட்சத்துக்கு மேல் 24%. வருஷத்துக்கு ஐம்பது லட்சம் சம்பாதிப்பவருக்கும் அவருடைய முதல் 20,000க்கு வரி இல்லை.

இப்போது உங்கள் கணக்கு. வருஷத்துக்கு 60,000. ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் மத்திய சேமநிதிக்கு உங்கள் பங்கு 20%, அதாவது 12,000, அது கழிந்துவிடும். 55 வயதுக்குக் கீழே இருந்தால் சம்பாதிப்போருக்கான நிவாரணம் (வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) இன்னொரு 1,000. மீதி 47,000 வெள்ளிதான் வரிக்கு உட்பட்ட வருமானம். அதற்கு வரி முதல் 40,000க்கு 550, மிச்சம் 7,000க்கு 490, ஆக 1,040 வெள்ளி. சம்பளம் 5,500 ஆனால் வரிக்கு உட்படுவது 51,800, வரி 1,376. ஆக, வருஷத்துக்கு 6,000 கூடுகிறது, அதில் 1,200 உங்கள் சேமநிதிக் கணக்குக்கே போகிறது, வரியாகக் கூடுதலாகப் போவது 336, கையில் நிற்பது 4,464. இன்னொன்று பார்த்தீர்களா, நீங்கள் அடுக்கு மாறவே இல்லை, முன்பும் 7%, இப்போதும் 7%.

ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. வருமான வரம்பு வைத்துக் கொடுக்கும் சலுகைகளில் ஒரு வெள்ளி கூடினாலும் கதவு மூடிவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புது வீடு வாங்கக் குடும்ப மாத வருமான உச்சவரம்பை 2019 செப்டம்பரில் 14,000 ஆக உயர்த்தினார்கள் அல்லவா, அப்படிப்பட்ட ஒரு கோட்டில் நிற்கும் தம்பதிக்கு 100 வெள்ளி சம்பள உயர்வு நிஜமாகவே தலைவலிதான். நம் வரி அட்டவணையில் அந்த மாதிரிப் பள்ளம் கிடையாது.

எதற்கு இத்தனை அடுக்கு? எல்லாரும் 10% கட்டிவிட்டுப் போகலாமே. ஒரே விகிதம், ஒரே நியாயம். (கணினித் துறை, பொங்கோல்)

மேலே கேட்ட தாதியம்மா 1,040க்குப் பதில் 4,700 கட்டுவார். வரிக்கு உட்பட்ட வருமானம் பத்து லட்சம் உள்ளவர் இப்போது 1,99,150 கட்டுகிறார், உங்கள் திட்டத்தில் ஒரு லட்சத்தோடு முடிந்துவிடும். இது எப்படி ஒரே நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. சிக்கல் குறையும் என்றும் எழுதியிருந்தீர்கள். சிக்கல் விகிதத்தில் இல்லை, எதை வருமானமாக எண்ணுவது, எதைக் கழிப்பது என்பதில் இருக்கிறது. அடுக்கடுக்கான விகிதம் என்பது நீங்களே ஐந்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய நிரல்தானே.

அம்மாவும் அப்பாவும் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறார்கள். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். பெற்றோரைப் பராமரிக்கும் நிவாரணம் கேட்கலாமா? என் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவை வைத்துக்கொண்டு 9,000 கழிக்கிறார். (நிரந்தரவாசி, செங்காங்)

கேட்க முடியாது. பெற்றோர் சிங்கப்பூரில் வசிக்க வேண்டும். உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் ஒருவருக்கு 9,000, இங்கேயே தனி வீட்டில் இருந்து நீங்கள் செலவு செய்தால் 5,500. ஊரில் இருப்பவர்களுக்கு எவ்வளவு அனுப்பினாலும் கணக்கில் வராது. இந்தச் சலுகை இங்குள்ள முதியோர் பராமரிப்புக்காக வைத்தது என்பது அரசாங்கத்தின் பார்வை, அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை.

சண்டை வேறு இடத்தில். பக்கத்து வீட்டுக்காரர் "9,000 கழிக்கிறார்" என்றால் அவருக்கு 9,000 வெள்ளி கிடைக்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்த 9,000க்கு உரிய வரி மிச்சமாகிறது, அது எவ்வளவு என்பது அவர் எந்த அடுக்கில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. முதலில் கேட்ட தாதி தன் அம்மாவோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அவருக்கு மிச்சமாவது 560 வெள்ளி. பத்து லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள ஒரு நிறுவன இயக்குநர் அதே மாதிரி அம்மாவோடு இருந்தால் அவருக்கு மிச்சம் 2,160. மாதம் 1,900 வெள்ளி சம்பாதிக்கும் துப்புரவாளர் அக்காவும் அம்மாவோடுதான் இருக்கிறார், அவருக்கு? சேமநிதி கழிந்தபின் வரிக்கு உட்பட்ட வருமானமே 20,000க்குக் கீழே போய்விடுவதால் வரியே இல்லை, ஆகவே மிச்சமும் இல்லை. பூஜ்யம்.

மூன்று அம்மாக்களுக்கும் ஒரே மாதிரி முழங்கால் வலி, ஒரே பலதுறை மருந்தகம், ஒரே மாத்திரை. பணம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு ஒன்றும் வரவில்லை, யாருக்குத் தேவையே இல்லையோ அவருக்கு அதிகம். மேல் அடுக்கின் விகிதம் 24 ஆனதும் 22 ஆனதும் பேச்சில் வரும், இந்த விஷயம் மட்டும் யார் பேச்சிலும் வருவதில்லை. ஏறுமுக விகிதத்தில் நிவாரணம் கொடுத்தால் அந்த நிவாரணம் தலைகீழாகத்தான் வேலை செய்யும், அது கணக்கின் இயல்பு. அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2018 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஒருவர் மொத்தமாகக் கழிக்கக்கூடிய நிவாரணத்துக்கு 80,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் 24% அடுக்கில் இருப்பவருக்கு 80,000 என்றால் 19,200 வெள்ளி மிச்சம், நம் தாதி பதினெட்டு வருஷம் கட்டும் வரியைவிட அதிகம்.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கான நிவாரணம் மாறிவிட்டது, எனக்குக் குறைந்துவிட்டது. குழந்தை பெறச் சொல்கிறார்கள், பெற்றபின் கையை விரிக்கிறார்கள்! (வங்கி அதிகாரி, பிடோக்)

கோபம் புரிகிறது அம்மா, ஆனால் இந்த மாற்றம் சரியான பக்கம் போன மாற்றம் என்றுதான் சொல்வேன். பழைய முறையில் தாயின் சம்பளத்தில் முதல் குழந்தைக்கு 15%, இரண்டாவதுக்கு 20%, மூன்றாவதிலிருந்து 25% என்று கழித்தார்கள். வருஷம் 3,00,000 சம்பாதிக்கும் தாய்க்கு முதல் குழந்தைக்கே 45,000, வருஷம் 40,000 சம்பாதிக்கும் தாய்க்கு 6,000. பால் மாவு விலை இருவருக்கும் ஒன்றுதான். 2024 ஜனவரி 1 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு 8,000, 10,000, 12,000 என்று நிலையான தொகையாக்கிவிட்டார்கள். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய முறையே தொடர்கிறது, உங்கள் மூத்த பிள்ளைக்கு ஒன்றும் குறையவில்லை.

பாதி வழி வந்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்வேன். 8,000 இரண்டு பேருக்கும் ஒன்று, அதன் மதிப்பு ஒன்றில்லை. 22% அடுக்கில் அது 1,760 வெள்ளி, 7% அடுக்கில் 560. வருமானத்திலிருந்து கழிக்காமல் வரியிலிருந்தே கழிக்கும் தள்ளுபடியாக ஆக்கினால் ஆளுக்கு ஒரே தொகை. பெற்றோருக்கான வரித் தள்ளுபடி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது: முதல் குழந்தைக்கு 5,000, இரண்டாவதுக்கு 10,000, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 20,000, தீராததை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் வருஷத்துக்கு 300 வெள்ளி வரி கட்டும் குடும்பம் 5,000 தள்ளுபடியைத் தீர்க்க எத்தனை வருஷம் ஆகும், அதற்குள் அந்தப் பிள்ளை கட்டாய தேசிய சேவைக்குப் போகும் வயதையே நெருங்கிவிடும்.

முதலாளிகளுக்கு வெறும் 24% தானா? ஆஸ்திரேலியாவில் 45%. நாமும் 40, 50 என்று ஏற்றினால் என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ)

ஐயா, ஏற்றலாம், ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். உச்ச விகிதம் 2007இலிருந்து 20 ஆக இருந்தது, 2017இல் 22, 2024இல் 24. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் வானம் இடிந்து விழாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் 50க்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. பக்கத்திலேயே ஹாங்காங் 15, 16 சதவீதத்தோடு நிற்கிறது. இந்தியாவில் 1973-74இல் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75% வரை போனது, நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய்தான் மிச்சம். அப்படி வைத்தால் யாரும் ஒழுங்காகக் கட்டமாட்டார்கள், கறுப்புப் பணம்தான் பெருகும். அந்த விகிதத்தை அவர்களே இறக்கிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை விகிதத்தில் இல்லை, எதை வருமானம் என்று எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மருத்துவர், இரவு பகல் பார்க்காமல் உழைத்து, கழிவுகள் போக 2,00,000 வெள்ளி வரிக்கு உட்பட்ட வருமானம். அவருக்கு வரி 21,150. இன்னொருவர் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிப் போட்ட பங்குகளை விற்று அதே 2,00,000 லாபம் பார்க்கிறார். பங்கு வியாபாரமே தொழிலாக இல்லாதவரை அவருக்கு வரி பூஜ்யம், ஏனென்றால் இங்கே மூலதன ஆதாயத்துக்கு வரி இல்லை. சிங்கப்பூர் நிறுவனங்களின் லாப ஈவுக்கும் பங்குதாரர் கையில் வரி இல்லை, நிறுவனம் 17% கட்டிவிட்டது என்று கணக்கு. அப்பா விட்டுச் சென்ற சொத்துக்கும் 2008 பிப்ரவரி 15 முதல் வரி இல்லை. ஆக உச்ச விகிதத்தை 50 ஆக்கினாலும் அடி விழுவது சம்பளக்கார மருத்துவருக்கு, பங்குக்காரர் தப்பித்துவிடுவார்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அரசாங்கம் சொத்தை அப்படியே விட்டுவிடவும் இல்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி பூஜ்யத்திலிருந்து ஏறி 32% வரை போகும், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 12%இலிருந்து 36% வரை. இரண்டும் வீட்டின் ஆண்டு மதிப்பின் (வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு) மேல் போடுவது. சிங்கப்பூரர் இரண்டாவது வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 20%, வெளிநாட்டவர் வாங்கினால் 60%. விலை உயர்ந்த காருக்கும் அடுக்கடுக்காக வரி ஏறும். வீடும் காரும் கண்ணுக்குத் தெரியும், ஓடிப் போகாது, அதனால் அவற்றைப் பிடிக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பங்குகள் ஒரு பொத்தானை அழுத்தினால் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயம். பயத்தில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

நான் மட்டும் வேலைக்குப் போகிறேன், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். எதிர்வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் வருமானம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வரி மட்டும் எனக்கு இரட்டிப்பு! (பொறியாளர், சுவா சூ காங்)

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். வரிக்கு உட்பட்ட வருமானம் ஒருவருக்கே 1,20,000 என்றால் வரி 7,950. அதையே இருவர் 60,000, 60,000 என்று சம்பாதித்தால் தலைக்கு 1,950, வீட்டுக்கு 3,900. இங்கே கணவன் மனைவியைத் தனித்தனி ஆளாகத்தான் கணக்கிடுகிறார்கள். ஜெர்மனியில் தம்பதியின் வருமானத்தைச் சேர்த்து, பாதியாக்கி, அதற்கு வரி போட்டு, இரண்டால் பெருக்குகிறார்கள், அங்கே இந்த வித்தியாசம் வராது.

அப்படியானால் அது மேலா? உங்களுக்கு மேல். ஆனால் இப்படி யோசியுங்கள்: நாளைக்கு உங்கள் மனைவி 2,500 வெள்ளி சம்பளத்தில் ஒரு வேலைக்குப் போக நினைக்கிறார். இங்குள்ள முறையில் அவருக்கு மிகச் சொற்பமான வரிதான் வரும். சேர்த்துக் கணக்கிடும் முறையில் அவருடைய முதல் வெள்ளியே உங்கள் உயர்ந்த அடுக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். "பிள்ளைக் காப்பகத்துக்கும் வரிக்கும் போக மிச்சம் என்ன, பேசாமல் வீட்டிலேயே இரு" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு நியாயத்தையும் ஒரே அட்டவணையில் அடைக்க எந்த நாட்டாலும் முடிந்ததில்லை, எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். தனித்தனியாகக் கணக்கிடுவதே என் கட்சி. அதோடு, வாழ்க்கைத்துணைக்கான நிவாரணம் 2,000 என்பது உங்கள் அடுக்கில் வருஷத்துக்கு 230 வெள்ளி. வீட்டில் ஒருவர் நாள் முழுக்க உழைப்பதற்கு இது கொஞ்சம் கேலியாகத்தான் இருக்கிறது.

இந்தியாவில் 12 லட்சம் வரை வரியே இல்லையாமே, மச்சான் ஊரிலிருந்து போன் போட்டுச் சிரிக்கிறான். (உணவகப் பொறுப்பாளர், லிட்டில் இந்தியா)

மச்சான் சிரிக்கட்டும், அவருக்குச் சம்பளம் 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும்போது சிரிப்பு நிற்கும். அங்கே 2025-26 முதல் புதிய முறையில் 4 லட்சம் வரைதான் வரி இல்லாத அடுக்கு. 4 முதல் 8 வரை 5%, 8 முதல் 12 வரை 10%, இரண்டும் சேர்ந்து 60,000 ரூபாய் வரி வரும், அதை முழுசாகத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும். 12 லட்சத்துப் பத்தாயிரம் சம்பாதித்தவருக்கு அட்டவணைப்படி 61,500 வரி என்றால் அநியாயம் என்பதால், கூடுதலாகச் சம்பாதித்த 10,000க்கு மேல் வரி வாங்கமாட்டோம் என்று ஒரு விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் 10,000 முழுக்க வரியாகவே போகிறது! சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் வரை இதே கதை, அந்த இடைவெளியில் ஒவ்வொரு கூடுதல் ரூபாய்க்கும் வரி 100%. மாதச் சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவு இருப்பதால் கோடு அவ்வளவு தள்ளி விழும், பள்ளம் அதே பள்ளம்தான். யீஷூன் தாதியின் வீட்டுக்காரர் பயப்பட்டது இங்கே இல்லை, அங்கே பாதி உண்மை.

பேரன் சொல்கிறான், "பாட்டி, நீ வரியே கட்டுவதில்லை" என்று. கடைக்குப் போனால் ஒன்பது சதவீதம் பிடுங்குகிறார்களே, அது என்ன? (இல்லத்தரசி, அங் மோ கியோ)

பாட்டி, பேரன் தோற்றான். பொருள் சேவை வரி 1994இல் 3% ஆக ஆரம்பித்து, இப்போது 2024 முதல் 9%. மாதம் 800 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் 72 வெள்ளி அதற்குப் போகிறது. கையில் வருவதை எல்லாம் செலவழிக்கிறவருக்கு இந்த வரி முழு வருமானத்தின் மேலும் விழும், பாதியைச் சேமிக்கிறவருக்குப் பாதியின் மேல்தான் விழும், ஆகவே இது வருமான வரிக்கு நேர் எதிர்த் திசையில் சாய்கிற வரி. அதைச் சரிக்கட்டத்தான் பற்றுச்சீட்டு (வவுச்சர்), மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கில் நிரப்புத்தொகை, மின்சாரம், தண்ணீர் போன்ற பயனீட்டுக் கட்டணத்தில் கழிவு எல்லாம். ரொக்கமாக வருஷத்துக்கு 850 வெள்ளி வரை உண்டு, உங்களுக்கு வருகிறதா என்று அதே பேரனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரியைத் தனியாகவும் திருப்பிக் கொடுப்பதைத் தனியாகவும் பார்த்தால் சிங்கப்பூர்க் கணக்கு புரியாது. ஒன்றுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்: வரி சட்டப்படி தானாக வரும், திருப்பிக் கொடுப்பது ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் யாராவது நினைவு வைத்துக் கூட்ட வேண்டும்.

தம்பி கட்டுமான வேலைக்கு வந்திருக்கிறான், மாதம் 900 வெள்ளி. வரி உண்டா? (லாரி ஓட்டுநர், கிராஞ்சி)

ஒரு வருஷத்தில் 183 நாள் இங்கே வேலை செய்தால் வரிக்கு உள்ளூர்வாசிதான், வருஷத்துக்கு 10,800 என்பது 20,000க்குக் கீழ், வரி இல்லை. 183 நாள் ஆகாமல் போனால் வசிக்காதவர் கணக்கு, சம்பளத்துக்கு 15% அல்லது உள்ளூர் விகிதம், எது அதிகமோ அது. அந்த 20,000 வெள்ளிப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. 60 நாளுக்குள் என்றால் மறுபடி விலக்கு. வருஷக் கடைசியில் வந்து அடுத்த வருஷமும் தொடர்ந்து இருப்பவருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சலுகை உண்டு, ஆகவே பயப்பட வேண்டாம்.

ஆனால் "வரி இல்லை" என்று சொல்லிவிட்டு நகர மனசு வரவில்லை. தம்பியின் பெயரில் அவருடைய முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுகிறார். இந்தியாவிலிருந்து வரும் கட்டுமானத் தொழிலாளிக்கு 2024 முதல் திறன் தகுதி இருந்தால் 500, இல்லையென்றால் 900 வெள்ளி. தம்பி அடிப்படைத் திறன் பிரிவு என்றால் சம்பளம் 900, தீர்வையும் 900! அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாக இருக்கிறது, பிடித்தால் மனிதவள அமைச்சிடம் சொல்லலாம். ஆனால் ஓர் ஆளுக்கு 1,800 வரை செலவழிக்கத் தயாராக இருக்கும் முதலாளி அதில் பாதியைத் தீர்வையாகக் கட்டும்போது, சம்பளத்தை ஏற்றிக் கொடுக்க அவருக்கு எங்கே இடம்? தீர்வை ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது என்பதும் உண்மைதான். வரி அட்டவணையில் பூஜ்யம் என்று இருப்பவர் மேல் ஒரு சுமையும் இல்லை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

நீங்களே நிதியமைச்சர் என்றால் முதலில் எதை மாற்றுவீர்கள்? (மாணவி, கிளமெண்டி)

நல்லவேளை நான் இல்லை. கேட்டதற்காகச் சொல்கிறேன். விகிதங்களைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடுவேன். நிவாரணங்களில் பாதியை எடுத்துவிட்டு, மீதியை ஆளுக்கு ஒரே தொகையான தள்ளுபடியாக்குவேன், வரி கட்டாதவருக்கு அந்தத் தொகையை ரொக்கமாகக் கொடுப்பேன். இது புதுசு இல்லை, குறைந்த சம்பளக்காரருக்கு 2007இலிருந்து வேலைநலன் துணை வருமானம் கொடுக்கிறோமே, அது கிட்டத்தட்ட தலைகீழ் வருமான வரிதான். 2025இலிருந்து மாதம் 3,000 வரை சம்பாதிப்பவருக்குக் கிடைக்கிறது, 60 வயதைக் கடந்தவருக்கு வருஷத்துக்கு 4,900 வரை. குறை என்னவென்றால் அதில் 40% தான் ரொக்கம், மீதி சேமநிதிக்குப் போகிறது, சொந்தத் தொழில் செய்பவருக்கு ரொக்கம் வெறும் 10%. சந்தைக்குப் போகிறவருக்கு மெடிசேவ் கணக்கைக் காட்டிக் கத்தரிக்காய் வாங்க முடியாது.

அப்புறம் அந்த 20,000. 2007 மதிப்பீட்டு ஆண்டின் அட்டவணையிலும் வரி இல்லாத முதல் அடுக்கு 20,000 தான், இன்றைக்கும் அதேதான். இடையில் விகிதங்களைக் குறைத்தார்கள், மறுக்கவில்லை. 80,000க்கு அன்று 4,300 வரி, இன்று 3,350. ஆனால் அன்றைய 20,000 இன்றைய 20,000 இல்லை என்பது காப்பிக் கடைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். விலைவாசியோடு சேர்ந்து அடுக்குகளும் நகரும்படி சட்டத்திலேயே எழுதிவிடுவேன், இல்லையென்றால் யாரும் கை தூக்காமலேயே வரி ஏறிக்கொண்டிருக்கும்.

மூலதன ஆதாயத்தை ஒரேயடியாக வரிக்குள் கொண்டுவருவேனா என்றால், தைரியம் வராது. பெரிய தொகைக்கு மட்டும், சின்ன விகிதத்தில் ஆரம்பிக்கலாம் என்று எழுதி மேசையில் வைப்பேன். மறுநாளே என் பதவி போய்விடும் என்று நினைக்கிறேன்.

மதிப்பீட்டு அறிக்கை வந்துவிட்டது, 1,300 வெள்ளி. ஒரே தடவையில் கட்ட முடியவில்லை. (பாதுகாவலர், உட்லண்ட்ஸ்)

வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் ஜைரோ போட்டுவிடுங்கள். வட்டி இல்லாமல் 12 மாதத் தவணை, உங்களுக்கு மாதம் 108 வெள்ளி சொச்சம் வரும். அறிக்கைத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஏற்பாடு செய்யாவிட்டால் 5% அபராதம் சேர்ந்துவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். தவணை ஓடும் மாதங்களில் வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று கழிவு நாளுக்கு முன்தினம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், "உங்களுக்கு வரி திரும்ப வருகிறது, இந்தச் சுட்டியை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழுத்தவே வேண்டாம், அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக நீங்களே வரி இணையவாசலுக்குள் போய்ப் பாருங்கள்.